தாது வருஷத்து சைக்கிள் பந்தயம்

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அப்பா இன்னும் வேலையில் இருக்கிறார். அது எவ்வளவு பெரிய காரணம் என்பது படித்து முடிக்கும்போது விளங்கும்.

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், ரயில் பாதைக்குப் பின்புறம். அப்பாவுக்கு எஞ்சின் ஷெட்டில் கலாசி வேலை. எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து சாம்பல் வாருவது, சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவது, ஆள் உயர ஸ்பானரை இரண்டு பேராகப் பிடித்துத் தொங்குவது எல்லாம் கலாசியின் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், பரீட்சை எழுதி, தேறி வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் வீட்டுக்கு எழுத்தாக எது வந்தாலும் என் கைக்கு வரும். மருந்துப் புட்டியில் ஒட்டிய காகிதம், கோயில் நோட்டீஸ், தபால்காரர் தவறிப் போட்ட அடுத்த வீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

அந்தச் சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கி வந்து முதல் பக்கத்தைப் படித்தேன். 'தாது வருஷம்' என்றதும் அம்மா கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

"தாது வருஷம்மா."

"உங்க நைனா தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவருடா. துணியில சுத்தி கஞ்சித் தொட்டிக்கு எடுத்துக்கினு போனாங்களாம். கஞ்சி ஊத்தறவன், கொழந்தைக்கும் ஒரு பங்கு உண்டுன்னு சொன்னானாம். அது ஒண்ணுதான் அவரு பொறந்ததுக்கு சாட்சி."

தமிழ் வருஷங்களின் பெயர்கள் அறுபது. ஒரு பெயர் போனால் மறுபடி வர அறுபது வருஷம் ஆகும். எனவே அப்பாவுக்கு அறுபது. ஜியாமெட்ரியில் ஒரு தேற்றத்தை நிரூபித்தவன்போல ஒரு காகிதத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதுவரை அப்பாவுக்கு வயது என்று ஒன்று இருந்ததில்லை. யாராவது கேட்டால், "அது பாட்டுக்கு ஆவுது" என்பார்.

மல்லேஸ்வரத்துக் கோயிலில் மாலை மாற்றி மறுபடி தாலி கட்டிக்கொண்டால் போதும் என்றாள் அம்மா. அது நல்லதுதான், ஆனால் நம் காலத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்றும் நடக்க வேண்டும் என்றேன் நான். எங்கள் தெரு வாசகசாலையில் ஐந்து வாலிபர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். நான்தான் காரியதரிசி. வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்தில் துரை ஒருவரின் பிறந்தநாளுக்கு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள் என்று சங்கத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். துரைக்கு நடந்தது ஏன் ஒரு கலாசிக்கு நடக்கக் கூடாது? இந்தக் கேள்வியை எழுந்து நின்று கேட்டேன். நால்வரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் திட்டத்தின்படி பந்தயம் ஒக்கலிபுரத்தில் தொடங்கி, மல்லேஸ்வரம் போய், அங்கிருந்து தண்டுக்குள் நுழைந்து, பிளாக்பள்ளி மார்க்கெட்டைச் சுற்றி, ஸ்டேஷன் வழியாகத் திரும்ப வேண்டும். ஊரே பார்க்கும். வரைபடம் ஒன்று வரைந்து சிவப்பு மசியால் கோடு இழுத்தேன். கோடு மிக அழகாக இருந்தது. சைக்கிள்தான் இல்லை. சங்கத்துக்கு மொத்தம் ஒரு சைக்கிள், அதற்கும் செயின் கிடையாது.

ஸ்டேஷன் பக்கத்தில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். என் வரைபடத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்து, தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு என்னா?"

"நாங்க போற வழி பாய்."

"இங்க வரைக்கும் நம்ம பில்லை செல்லும். இதைத் தாண்டினா தண்டு. அவங்க பில்லை வேற. நம்ம வண்டியைப் பிடிச்சு வெச்சுக்குவான்."

சைக்கிளில் தகரப் பில்லை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். நகரத்துக்கு ஒன்று, தண்டுக்கு வேறொன்று. பாயின் சைக்கிள்களில் நகரத்துப் பில்லை மட்டும் இருந்தது. அங்கேயே பென்சிலால் பிளாக்பள்ளியை அடித்தேன். பாதிப் பந்தயம் போயிற்று.

"மல்லேஸ்வரம் போலாமா?"

"போலாம். மேடு இருக்கு. மேட்டுல மிதிச்சா செயின் போயிடும். எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்."

"பந்தயத்துலயா?"

"பந்தயம்னா என்னா, செயினுக்குத் தெரியுமா?"

மல்லேஸ்வரத்தையும் அடித்தேன். இப்படி ஒரு வாரத்தில் என் சிவப்புக் கோடு தேய்ந்து, ஷெட்டுக்குப் போகும் நேர் ரோட்டில் இருநூறு கஜம் என்று வந்து நின்றது. அதற்கும் சம்மதிக்கும் முன் பாய் கடைசி நிபந்தனை ஒன்றைப் போட்டார்.

"அஞ்சு வண்டி தரேன். ஓட்டலாம். ஆனா வேகமா ஓட்டக் கூடாது."

"பாய், இது பந்தயம்."

"அரே, அது உன் விஷயம். என் வண்டி, என் விஷயம்."

அன்று மாலை சங்கம் கூடி இரண்டு மணி நேரம் விவாதித்தது. வேகமாகப் போகாமல் பந்தயத்தில் ஜெயிப்பது எப்படி? ஒரே வழிதான் இருந்தது. மெதுவாகப் போகிறவன்தான் ஜெயித்தவன். கடைசியில் வருகிறவனுக்குப் பரிசு. காலைத் தரையில் ஊன்றினால் அவன் வெளியே. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாய்க்கு ஆள் அனுப்பினோம். அவர் மிகவும் சந்தோஷப்பட்டு, முதல் பரிசுக்கு ஒரு பித்தளைக் கூஜா தாமே தருவதாகச் சொல்லியனுப்பினார்.

நோட்டீஸை மூன்று பாஷைகளில் அச்சடித்தேன். தமிழ் எங்களுக்கு, கன்னடம் ஊருக்கு, இங்கிலீஷ் யாருக்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நான் படித்த இங்கிலீஷை எங்காவது வைக்க வேண்டுமே. 'எளியேனின் அருமைத் தந்தையாரும், இவ்வூர் எஞ்சின் ஷெட்டில் நெடுநாள் சேவை புரிந்தவருமான' என்று தொடங்கி, 'அறுபதாம் ஆண்டு நிறைவு விழா' என்று கொட்டை எழுத்தில் முடித்து, கீழே என் பெயரையும் தேறிய பரீட்சையையும் போட்டிருந்தேன். அப்பா பெயரை எழுதுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அவர் பிறந்ததாக நானே முடிவு செய்தேன்.

அப்பா அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

"இதுல நான் எங்க கீறேன்?"

'அருமைத் தந்தையார்' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். எடுத்தபோது எழுத்துகளின் மேல் எண்ணெய்க் கறை இருந்தது. "நல்லா கீது" என்றார். மறுநாள் நான்கு நோட்டீஸ்களை மடியில் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒன்றை, நான் சொல்லாமலே, ஷெட்டின் தண்ணீர்த் தொட்டியில் கஞ்சிப் பசையால் ஒட்டியும் விட்டார். இங்கிலீஷ் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டியிருந்தார். அதுதான் பார்க்க மிடுக்காக இருந்ததாம்.

அன்று சாயங்காலம் அப்பா தனியாக வரவில்லை. ஷெட்டில் பேரேடு எழுதும் குமாஸ்தா கூட வந்தார். அவரை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். மல்லேஸ்வரத்துக்காரர், மூக்குக் கண்ணாடி, நல்ல மனுஷர். எங்கள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் படிச்ச பிள்ளையா?"

"ஆமா சார்."

"எதுவரைக்கும்?"

சொன்னேன்.

"நல்லவேளை. இன்னும் ரெண்டு கிளாஸ் படிச்சிருந்தா உங்கப்பாவை ஜெயிலுக்கே அனுப்பிச்சிருப்பே."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அப்போதிருந்த குமாஸ்தா வயது கேட்டிருக்கிறார். "நீங்களே பாத்துப் போடுங்க சாமி" என்றிருக்கிறார் அப்பா. குமாஸ்தா இவர் பல்லையும் மீசையையும் பார்த்து ஒரு வயதைப் போட்டுவிட்டார். அந்தக் கணக்குப்படி புத்தகத்தில் அப்பாவுக்கு இப்போது ஐம்பது. ஐம்பத்தைந்து ஆனவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறுபது என்று தெரிந்தால் அன்றைக்கே.

எனக்கு அப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீட்டிக்கிற தற்காலிக குமாஸ்தா வேலை. அந்த முறை நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்றிருந்தது. வீட்டில் நிலையான சம்பளம் அப்பாவுடையதுதான். அதை நான் மூன்று பாஷைகளில் அச்சடித்து ஒழித்திருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

"ஃபோர்மன் துரை பார்த்துட்டாரா சார்?"

"பார்த்தார். கிழிச்சு எடுத்துண்டு வந்து 'யார் இது?'ன்னார். எவனோ உங்கப்பாவைக் கை காட்டிட்டான். நான் குறுக்கே விழுந்து, 'இவன் இல்லை சார், இவனோட அண்ணன், அவனும் முன்னே நம்ம ஷெட்டிலே இருந்தவன்தான், அவன் பிள்ளைதான் அடிச்சிருக்கான்'னு சொல்லிட்டேன்."

"எனக்கு அண்ணன் இல்லியே" என்றார் அப்பா.

"இனிமே உண்டு. துரை ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு வராராம். அவருக்கு சைக்கிள்னா பைத்தியம். சந்தேகம்னா அதைவிடப் பைத்தியம்."

பந்தயத்தை நிறுத்திவிடலாமே என்றேன். நிறுத்தினால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்றார் ரைட்டர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவுக்கு ஓர் அண்ணன் வேண்டும்.

அப்பாவுக்கு இருந்தது ஒரு தம்பி மட்டும். என் சித்தப்பா. அப்பாவைவிட எட்டு வயது இளையவர். ஆனால் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்பா முப்பது வருஷமாகக் கரியிலும் எண்ணெயிலும் புழங்கியதால் அவர் தலையில் நரை என்று ஒன்று வெளியே தெரிந்ததில்லை. சித்தப்பா வீடுகளுக்கு வெள்ளை அடிக்கிறவர். சுண்ணாம்பு தலையிலும் புருவத்திலும் ஏறி, ஆள் அப்படியே தும்பைப் பூவாகிவிட்டார். முன்பல் இரண்டும் இல்லை. கடவுளாகப் பார்த்து அனுப்பிய அண்ணன்.

ரைட்டர் இருக்கும்போதே அவரைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டோம். ஒத்துக்கொள்ளவில்லை.

"அறுபதா? எனக்கா? பொண்ணு வூட்ல நாப்பத்தஞ்சுன்னு சொல்லி வெச்சிக்கீறேன்டா!"

சித்தப்பா மனைவியை இழந்தவர். மறுமணப் பேச்சு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் இருப்பது தண்டில், அங்கே நம் நோட்டீஸ் போகாது, பாயின் பில்லையே அங்கே செல்லாது என்று எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். மாலை உண்டா என்றார். உண்டு என்றேன். சரிகைக் கரை வேட்டி? உண்டு.

"அப்ப எங்கண்ணன் என்னை அண்ணேன்னு கூப்புடணும். ஞாயித்துக்கெழமை மட்டும் இல்ல. இன்னியிலேருந்து. பழக்கம் வரணும் இல்ல?"

அப்பா சுவரைப் பார்த்தார். சித்தப்பாவுக்கு ஒரு வயது இருக்கும்போது அவர்கள் தாய் இறந்துவிட்டாள். இடுப்பில் வைத்து வளர்த்தவர் அப்பாதான்.

"அ..." என்று ஆரம்பித்து இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி "அ..." என்றார்.

"வரும், வரும். அவசரம் இல்ல தம்பி" என்றார் சித்தப்பா.

அப்புறம் உறவுகளை வரிசைப்படுத்தினோம். அண்ணன் பிள்ளைதான் நோட்டீஸ் அடித்தவன் என்று ரைட்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் சித்தப்பாவை நைனா என்றும், நைனாவைச் சித்தப்பா என்றும் கூப்பிட வேண்டும். இதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கோடு போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் யாரு?"

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அன்னிக்கு கோயிலுக்குப் போயிடறேன். நீங்க யாருக்கு யாரு ஆவணுமோ ஆயிக்கங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் சித்தப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அண்ணன் என்றால் தம்பி வீட்டில் சாப்பிட வேண்டுமாம். முதல் நாள் சொம்பைக் காட்டி, "தம்பி, அத்த எடு" என்றார். அப்பா எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் "இன்னாடா, தண்ணி சில்லுனு இல்ல?" என்றார். மூன்றாம் நாள் அப்பா கரண்டியை எடுத்தார். அம்மா தடுத்தாள். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. வேலை நெலைக்கட்டும்" என்றாள். அப்பா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட் ரோட்டில் நல்ல கூட்டம். ரோட்டின் குறுக்கே தொடக்கக் கோடும் முடிவுக் கோடும், நடுவில் ஆளுக்கு ஒரு பாதையும் சித்தப்பாவே காலையில் வந்து சுண்ணாம்பால் போட்டிருந்தார். வெள்ளை அடிக்கிறவர் கை, கோடு நூல் பிடித்ததுபோல் இருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ரோடு இறங்கி ஷெட்டின் கேட் வரை போகும். அந்த இறக்கத்தைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. மெதுவாகப் போகிற பந்தயத்தில் கோட்டைத் தாண்டி யார் போகப் போகிறார்கள்?

பாய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சைக்கிளின் காதிலும் ஏதோ சொல்வதுபோல் குனிந்து செயினைச் சோதித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா சரிகை வேட்டியும் சாமந்தி மாலையுமாக நாற்காலியில் இருந்தார். துரை தன் சொந்த சைக்கிளில் வந்தார். ஆங்கிலோ இந்தியர், பருத்த உடம்பு, ஷெட் தமிழ் பேசுவார். இறங்கியதும் நேரே நாற்காலிக்கு வந்தார்.

"நீதான் அண்ணனா மேன்? அறுபது?"

"ஆமா தொரே. அறுபது முடிஞ்சி போச்சி. இனிமே இன்னா, காசி ராமேசுரம்தான்."

"தம்பி எப்படி ஆளு?"

சித்தப்பா மாலையைச் சரி செய்துகொண்டார். "நல்லவன் தொரே. கொஞ்சம் சோம்பேறி. எங்கம்மா செத்தப்புறம் நான்தான் இடுப்புல தூக்கி வளர்த்தேன். ராத்திரியில அழுவான் பாருங்க, தூங்கவே வுடமாட்டான்."

அப்பாவின் தாடை இறுகியதை நான் பார்த்தேன். துரையும் பார்த்தார். அப்பாவின் பக்கம் திரும்பி அவர் தலைமுடியை, கையை, முட்டியை என்று ஒவ்வொன்றாக, எஞ்சினைச் சோதிப்பதுபோல் பார்த்தார்.

"நீ ஓட்டல்லே மேன்? ஐம்பது வயசு என்ன வயசு? நான் ஐம்பத்திரண்டு, டெய்லி ஓட்டுறேன்."

அப்பா வாழ்நாளில் சைக்கிளில் ஏறியதில்லை. அது துரைக்குத் தெரியாது. அப்பா கை கட்டி, தலை குனிந்து, நான் எதிர்பார்க்காத புத்திசாலித்தனத்துடன் பதில் சொன்னார்.

"பெரியவரு ஒக்காந்துகினு கீறப்ப, அவரு முன்னால நான் சைக்கிள் மேல ஏர்றது மரியாதி இல்லீங்க தொரே. எங்க ஜனத்துல அது வழக்கம் இல்ல."

ரைட்டர் மூச்சு விட்டார். துரையும் தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் சித்தப்பாவுக்கு அண்ணன் பதவி ஒரு வாரத்தில் எலும்பு வரை இறங்கியிருந்தது. நாற்காலியிலிருந்து கையை உயர்த்தினார்.

"பரவால்ல. ஏறுடா தம்பி. நான் உத்தரவு குடுக்கறேன்."

அப்பா அவரைப் பார்த்தார்.

"அண்ணே..." என்றார்.

ஒரு வாரமாக வராத சொல் அன்றுதான் சரியாக வந்தது. கெஞ்சலும் கொலை வெறியும் சேர்ந்த அந்த 'அண்ணே'யைக் கேட்டு, "உண்மையான பாசம்" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்.

இருந்தது ஐந்து சைக்கிள். என்னுடையதை அப்பாவுக்குக் கொடுத்தேன். பாய் என் காதருகே வந்தார். "இவருக்கு ஓட்டத் தெரியுமா?" நான் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தேன். "யா அல்லா" என்று போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

நான் சீட்டைப் பிடித்துக்கொள்ள அப்பா ஏறினார். துரை பக்கத்திலேயே நின்றார்.

"இத எப்பிடிடா நிறுத்தறது?" என்று பல்லுக்கிடையில் கேட்டார் அப்பா.

"பிரேக்கைப் புடி நைனா... சித்தப்பா."

"எது பிரேக்கு?"

ரைட்டர் விசிலை ஊதிவிட்டார்.

மற்ற நால்வரும் சாமி ஊர்வலம்போல நகர்ந்தார்கள். அப்பா என் பிடியிலிருந்து போய்விட்டார். நான் தள்ளவில்லை என்று இன்றும் சொல்வேன். நீதான் தள்ளினாய் என்கிறார் சித்தப்பா. மெதுவாக மிதித்தால் விழுவோம் என்பது அப்பாவின் உடம்புக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆகவே வேகமாக மிதித்தார். ஷெட்டில் முப்பது வருஷம் உரமேறிய கால்கள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரையும் முந்தி முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டார். அந்தப் பந்தயத்தின் விதிப்படி அதைவிடக் கேவலமான தோல்வி கிடையாது.

"மெல்ல! மெல்ல!" என்று பாய் முக்காலியை உதைத்துவிட்டு ஓடினார். துரை "பிராவோ!" என்று கத்தித் தன் சைக்கிளில் பாய்ந்து ஏறித் துரத்தினார். அவர் பின்னால் நான், ரைட்டர், ஊர் ஜனம், கடைசியாக மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சித்தப்பா. போக்குவரத்தைப் பார்க்க நின்றிருந்த கான்ஸ்டபிள், "ஏனப்பா இது, யாரு கள்ளன்?" என்று கேட்டுக்கொண்டே தானும் கூட ஓடி வந்தார்.

இறக்கத்தின் அடியில் ஷெட்டின் கேட். கேட்டுக்குப் பக்கத்தில் சாம்பல் மேடு, எஞ்சின்களிலிருந்து கலாசிகள் வாரிக் கொட்டிய சாம்பல். அதில் பாதி அப்பாவே கொட்டியது. தினமும் போகிற வழி என்பதாலோ என்னவோ, சைக்கிள் வேறெங்கும் திரும்பாமல் நேரே அதற்குள் போயிற்று. புஸ்ஸென்று ஒரு மேகம் எழுந்தது.

மேகம் அடங்கியபோது அப்பா எழுந்து நின்றார். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. தோள் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்திருந்தார். அதுவரை நான் என் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. அறுபது வயது மனிதர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். பக்கத்தில் மூச்சிரைக்க வந்து நின்ற சித்தப்பா, எந்தக் கண்ணுக்கும் அவர் தம்பிதான்.

துரை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தபடி நின்றார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"உன் வயசு என்ன மேன்?"

அப்பா வாயிலிருந்த சாம்பலைத் துப்பினார்.

"பொஸ்தகத்துல இன்னா போட்டுகீதோ, அதான் தொரே."

துரை கிட்டே வந்து, தன் தொப்பியைக் கழற்றி, அதாலேயே அப்பாவின் தலையை இரண்டு தட்டுத் தட்டினார். சாம்பல் பறந்தது. கறுப்பு முடி வெளியே வந்தது. துரை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, ரைட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"புக் தப்பு, ரைட்டர். ஐம்பது வயசு ஆளு இப்படிப் போக மாட்டான். நாப்பத்தஞ்சுதான் இருக்கும். நாளைக்கு இவனை ஸ்பானர் கேங்கிலே போடு. யங் மென் கூட."

ரைட்டர் "எஸ் சார்" என்றார்.

நாங்கள் இறக்கத்திலிருந்து மேலே திரும்பி வந்தபோது சங்கத்து வாலிபன் ஒருவன் இன்னும் சைக்கிள் மேலேயே இருந்தான். மற்ற மூவரும் பந்தயத்தை விட்டு எங்களோடு ஓடி வந்துவிட்டார்கள். அவன் மட்டும் தலை நிமிராமல், முன் சக்கரத்தையே பார்த்து, வியர்வை சொட்டச் சொட்டப் பத்தடி நகர்ந்திருந்தான். ஊர் கலைந்து போனதே அவனுக்குத் தெரியாது. பாய் அவனைத் தழுவி, "இவன்தான் சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன்" என்று கூஜாவைக் கொடுத்தார். என்னிடம் வளைந்த ஹாண்டிலைக் காட்டினார். அடுத்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் அவர் கடையில் பஞ்சர் ஒட்டினேன்.

அம்மா கோயிலிலிருந்து பிரசாதத்தோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அப்பாவின் முட்டியில் விபூதி வைத்தாள், அது வீங்கியிருந்தது.

"சாமிகிட்ட மட்டும் சரியான வயசைச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "வேற யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொல்லிட்டேன்."

சித்தப்பா அப்போதும் மாலையைக் கழற்றவில்லை. "தம்பி, கொஞ்சம் தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"டேய்" என்றார் அப்பா.

சித்தப்பா மாலையைக் கழற்றிவிட்டுத் தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார்.

திங்கட்கிழமை காலை அப்பாவோடு ஷெட் வரை போனேன். தெரு முனை வரை என் தோளைப் பிடித்து நொண்டி வந்தார். ரோட்டில் சித்தப்பாவின் சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன. கேட்டருகே துரை நிற்பது தெரிந்ததும் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"டேய்."

"இன்னா நைனா?"

"என் வயசப் பத்தி இனிமே எதையும் படிக்காத."

சரி என்றேன். அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டாமல், நாற்பத்தைந்து வயதுக்காரர் நடையில் இறக்கத்தில் இறங்கிப் போனார். துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டைத் தாண்டி ஒரு எஞ்சினுக்குப் பின்னால் மறையும்வரை அப்பா நேராகவே நடந்தார்.